அழியா ஏடும் அந்தரங்கமும்

ஏடு அழிகின்றதே என்று வருந்தியவர் பரம்பரையிலே வந்தவர் நாம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றியவர். தொட்டால் ஒடியும் ஓலைகளையும் செல்லரித்த சுவடிகளையும் கண்டு கலங்கி அவர் வரைந்த பதிப்புரைகளைக் கற்றோர் அறிவர். அழியாத ஏடு ஒன்று இருக்குமாயின் எத்துணை நன்றாயிருக்கும் என்று ஒருகாலாவது எண்ணாத தமிழ் மாணாக்கன் இல்லை. அத்தகைய ஏடு இப்பொழுது வந்துவிட்டது. அதனைச் செல் அரியாது, நீர் நனையாது, தீ தின்னாது. எழுதியவன் தானே அழிக்க முயன்றாலும் அஃது அழியாது.

பிளொக்செயின் என்று வழங்கும் பொதுப் பேரேட்டின்மேல் அமைந்த சமூக ஊடகங்களிலே எழுதுவோரின் அந்தரங்கத்துக்கு நேர்வது யாது என்பதுபற்றி ஈண்டுச் சிறிது கூற விழைகின்றோம். இவ்விழா மலருக்கு இது பொருந்துமோ என்று ஐயுறுவார் உளராயின், இப்பொருளை எமக்குத் தந்தவரே நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் என்பதைக் கூறி அமைகின்றோம். வயதால் எமக்கு மிக இளையவரான அவர் சில மாதங்களுக்கு முன் எம்மைத் தேடி வந்தார். பல்கலைக்கழகத்து முதலாண்டிலே அத்தகைய தளமொன்றிற் புனைபெயரிட்டு எழுதிவந்தவர் அவர். தளம் எதுவென்பது இங்கு வேண்டா. வாசகர் வாக்களித்தால் எழுத்துக்குச் சிறு தொகை கிடைக்கும். மனமுருக எழுதினால் வாக்கு மிகும். தாயாருக்கு வந்த மனநோயையும், வைத்தியத்துக்காகக் குடும்பம் பட்ட கடனையும் ஒருநாள் உருக்கமாக எழுதினார். எழுதியபோது அது மகனின் அன்பு, வேறொன்றுமில்லை. இப்பொழுது தங்கைக்குக் கலியாணம் பேசுகின்றார்கள். "அதை எடுத்துவிட வேண்டும், ஐயா, என்ன வழி?" என்றார். உடனே விடை கூற எமக்கு நாவெழவில்லை.

ஏன் எழவில்லை என்பதை விளக்குவதற்கு, அவ்வேடு ஆக்கப்படும் முறையை அறிதல் வேண்டும். கடைப் பேரேடு ஒன்றை மனத்திற் கொள்க. முதலாளி ஒருவரின் மேசையிலே இருக்கும் பேரேட்டில் ஓர் ஏட்டைக் கிழிக்கலாம். ஒரு வரியை அடித்துத் திருத்தலாம். அதே பேரேட்டுக்கு நூறு பிரதிகள் நூறு ஊர்களிலே நூறு பேரிடம் இருந்து, ஒன்றிலே எழுதப்படுவது உடனே மற்றெல்லாவற்றிலும் எழுதப்படுமாயின், கிழிப்பது எங்ஙனம்? இது முதற் காவல். இரண்டாவது காவல் இன்னும் நுட்பமானது. எவ்வளவு நீண்ட எழுத்தையும் ஒரு கணிதச் செய்கையால் ஒரு குறுகிய எண்ணாக்கலாம். அவ்வெண்ணை ஹாஷ் என்பர். நாம் முத்திரையெண் என்று கொள்வோம். மூலத்திலே ஒரு காற்புள்ளி மாறினும் முத்திரையெண் முற்றும் வேறாகிவிடும். பேரேட்டின் ஒவ்வொரு கட்டும் தனக்கு முந்திய கட்டின் முத்திரையெண்ணைத் தன்னகத்தே தாங்கிநிற்றலின், பழைய கட்டு ஒன்றிலே கைவைத்தால் அதற்குப் பின்வந்த அனைத்தும் பொருந்தாமற் போய்க் கள்ளம் வெளிப்பட்டுவிடும்.

இந்த எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்டோர்னெற்றா என்னும் இருவர், ஓர் ஆவணம் இன்ன நாளில் இருந்தது என்பதை ஐயமற நிறுவும் வழியை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1995 முதல் அத்தகைய முத்திரையெண்கள் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதியிலே வாரந்தோறும் அச்சாகி வந்தன. பத்திரிகைப் பிரதிகள் அனைத்தையும் தேடிப்பிடித்துத் திருத்த வல்லார் யார்? சதோசி நகமோட்டோ என்னும் புனைபெயருடையார் 2008இல் வகுத்து 2009 ஜனவரியிலே தொடக்கிய பிட்கொயின், இம்முறையைப் பணத்துக்கு ஆக்கியது. பணக் கணக்குக்கு அழியாமை நல்ல குணம். கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று மறுக்கமுடியாதல்லவா?

எண்களைத் தாங்கிய ஏட்டிலே மனிதரின் பேச்சையும் எழுதலாம் என்று புகுந்தபோதே சிக்கல் பிறந்தது. இவ்வகைக்குச் சிறந்த உதாரணம் ஸ்டீம் என்னும் பேரேடும் அதன்மேல் அமைந்த ஸ்டீமிட் என்னும் தளமும் ஆகும். நெட் ஸ்கொட், டான் லாரிமர் என்பார் இருவர் முயற்சியால் 2016ஆம் ஆண்டிலே தோன்றிய இது, எழுதுவோருக்கும் வாக்களிப்போருக்கும் தன் சொந்த நாணயத்திலே ஊதியம் வழங்கியது. பேரேட்டைக் காக்கும் கணினிகளை நடத்துவோருக்குச் 'சாட்சிகள்' என்று பெயர். மூன்று விநாடிக்கு ஒரு கட்டு எழுதப்படும். விளம்பரக்காரனும் இல்லை, எழுத்தை விலக்கும் முதலாளியும் இல்லை, உழைத்தவனுக்கே ஊதியம் என்ற அவர்களது கூற்றிலே ஓரளவு உண்மையும் இருந்தது. இளைஞர் பலர் அதனை நாடியதிலே வியப்பில்லை.

அப்பேரேட்டிலே எழுதப்படுவன யாவை என்று கேட்டால், கட்டுரைகளும் மறுமொழிகளும் என்றே பலரும் விடையிறுப்பர். அவை ஒரு பகுதி மாத்திரமே. இன்னார் இன்னார்க்கு வாக்களித்தார், எத்துணை வலிமையோடு வாக்களித்தார், எந்த விநாடியிலே வாக்களித்தார் என்பனவும் எழுதப்படும். இன்னார் இன்னாரைப் பின்தொடர்கின்றார் என்பது எழுதப்படும். இன்னாருடைய பேச்சு தம் கண்ணிற் படவேண்டா என்று ஒருவர் மறைத்து வைத்தாராயின் அதுவும் எழுதப்படும். மறைக்கப்பட்டவரே சென்று பார்க்கலாம். பணம் அனுப்பினால் தொகையும் பெறுநர் பெயரும் மாத்திரமன்றி, உடன் எழுதிய குறிப்பும் பகிரங்கமாகிவிடும். அக்குறிப்பைச் சங்கேதமாக்குவதற்கு அதன் முன்னே ஒரு சிறு குறியிடவேண்டும் என்ற விதி உண்டு. அதை அறியாதவர் தம் குறிப்பை ஊரறிய எழுதியவராவர். ஒருவருடைய கையிருப்பு எவ்வளவு என்பதும் எவர்க்கும் புலனாகும். நம் ஊரிலே நாட்டாண்மை செய்வோருங்கூட அயலவரின் வங்கிப் புத்தகத்தை விரித்துப் பார்க்கத் துணிவதில்லை!

நேரக் குறிப்பு ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டாலே போதும். ஓராண்டுப் பதிவுகளை மணிவாரியாக அடுக்கினால், எழுதுபவர் உறங்கும் வேளை எது, பரீட்சைக் காலம் எது, எந்த நாட்டு நேரத்துக்கு அமைய வாழ்கின்றார் என்பன தாமே புலப்படும். இவற்றை அவர் எவர்க்கும் சொல்லவில்லை. சொன்னதாக அவர் நினைவிலும் இல்லை.

எழுதியதைத் திருத்த வழியுண்டா? உண்டு. நீக்கப் பொத்தானும் சில வேளைகளில் உண்டு. ஆயின் அவை செய்வது என்ன? காணிக்கு எழுதும் உறுதியை ஒப்பிடலாம். பழைய உறுதியிலே பிழை இருந்தால் நொத்தாரிசு அதனைச் சுரண்டி அழிப்பதில்லை. பிழைதிருத்த உறுதி என்று இன்னொன்றை முடிப்பார். இரண்டும் இருக்கும். அதுபோலவே, திருத்தம் என்பது பேரேட்டிலே பின்னொரு கட்டில் எழுதப்படும் புதிய கட்டளை. தளத்தின் முகப்பு புதியதைக் காட்டும்; பழையது பழைய கட்டிலே கிடக்கும்; கட்டுகளை நேரே விரித்துக் காட்டும் கருவிகள் அதனையும் காட்டும். நீக்கம் என்பதும் 'இதனைக் காட்டற்க' என்னும் இன்னொரு வரியே. நீக்கிய நேரமும் பதிவாகிவிடுதலால், இங்கே மறைக்கத்தக்கது ஏதோ உண்டு என்று நாமே விரல் சுட்டியவராவோம்.

2020ஆம் ஆண்டிலே நிகழ்ந்த ஒன்று இதனினும் கவலைக்குரியது. அவ்வாண்டு பெப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனத்தை ட்ரொன் நாணயத்தின் தலைவரான ஜஸ்ரின் சன் வாங்கினார். சாட்சிகளுக்கும் அவருக்கும் பூசல் மூண்டது. முடிவிலே ஒரு சாரார் பிரிந்து, மார்ச் 20ஆந் தேதி ஹைவ் என்ற பெயரில் வேறு பேரேடு தொடக்கினர். தொடக்கினர் என்பதிலும், அன்றுவரை இருந்த பேரேட்டை முழுதும் பிரதிசெய்துகொண்டு வேறு வழி நடந்தனர் என்பதே பொருந்தும். குடும்பம் பிரியும்போது காணியைப் பங்கிடுவர். இவர்களோ எவர் சொத்தையும் பங்கிடாமலே இரட்டிப்பாக்கிக்கொண்டனர். நாணயத்தைப்பற்றி அன்று பெரிய வழக்காடல் நிகழ்ந்தது. 2016 முதல் எழுதிய ஒவ்வொருவரின் ஒவ்வொரு வரியும் அவரைக் கேளாமலே இரண்டு ஏடுகளில் நிலைபெற்றதுபற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. பின்னாளில் ஒன்றிலே திருத்துவோர் மற்றதிலே தம் பழைய சொற்கள் அப்படியே இருத்தலை மறந்துவிடுகின்றனர்.

'புனைபெயரிலேதானே எழுதுகின்றோம்' என்று ஆறுதல் கொள்வார் உளர். பிட்கொயினை வகுத்தவரும் இவ்வாறுதலையே தந்தார். கொடுக்கல் வாங்கல் எல்லார்க்கும் தெரியலாம்; எந்த எண் யாருடையது என்பது தெரியாதிருந்தாற் போதும் என்பது அவர் கொள்கை. பணத்துக்கே அது முற்றும் பலித்ததில்லை. 2016இல் பிட்பினெக்ஸ் என்னும் மாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 120,000 பிட்கொயின்கள் களவுபோயின. அவை சென்ற வழியைப் பேரேட்டிலே பின்தொடர்ந்த அமெரிக்க அதிகாரிகள், ஆறாண்டு கழித்து, 2022 பெப்ரவரியில், நியூயோர்க்கிலே இருவரைக் கைதுசெய்து 94,000க்கு மேற்பட்ட நாணயங்களைக் கைப்பற்றினர். கள்வர் அகப்பட்டது நன்றே. ஆயினும் ஆறாண்டு பொறுத்திருக்கும் அவ்வேடு, கள்வனையும் குற்றமற்றவனையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

சமூக ஊடகத்திலே புனைபெயர் அதனினும் மெல்லிய துணி. பிட்கொயினில் ஒருவர் நாள்தோறும் புதிய முகவரி அமைத்துக்கொள்ளலாம். ஸ்டீமிலோ ஒரு பெயரைக் கொண்டால் அதனை மாற்ற இயலாது. ஈட்டிய நாணயத்தைப் பணமாக்க மாற்றகத்துக்குச் சென்றால் ஆங்கே அடையாள அட்டை கேட்பர். நண்பர் ஒருவர் அன்பு மிகுதியால் மறுமொழியொன்றில் உண்மைப் பெயர் சொல்லி அழைத்தாற் போதும். ஒருமுறை அழைத்தது எக்காலத்தும் அழைத்ததே. 2023 ஓகஸ்டில் பிரெண்ட்.டெக் என்னும் தளத்திலே நிகழ்ந்தது கேளுங்கள். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பயனாளரின் டுவிட்டர்ப் பெயர்களும் அவர்தம் பேரேட்டு முகவரிகளும் இணைக்கப்பட்ட பட்டியல் ஒன்று வெளியாயிற்று. பூட்டை உடைத்து எவரும் எடுத்ததன்று அது. தளம் திறந்துவைத்திருந்த வாயிலினூடே திரட்டியது. பெயரும் முகவரியும் ஒருமுறை சேர்ந்துவிட்டால், முன்னே செய்த கொடுக்கல் வாங்கல் யாவும் பின்னோக்கி வெளிச்சத்துக்கு வந்துவிடும். நாளைக்கு விழப்போகும் வெளிச்சம் நேற்றைய செயலின்மீதும் விழும் என்பதே இவ்வேட்டின் தனிக் கொடுமை.

இனி, மறுபக்கத்தையும் கூறாது விடுவது நேர்மையாகாது. 2018 ஏப்ரலில், 1998ஆம் ஆண்டுக் கொடுமையொன்றுபற்றிய பதிவுகளை வெளியிடுமாறு பீக்கிங் பல்கலைக்கழகத்தைக் கோரிய மாணவி ஒருவர், தமக்கு நேர்ந்த நெருக்குதலைப் பகிரங்க மடலாக எழுதினார். சீன இணையத்தளங்களில் அம்மடல் தோன்றத் தோன்ற நீக்கப்பட்டது. அப்பொழுது, பெயரறியாத ஒருவர் எதீரியம் என்னும் பேரேட்டிலே, பணமெதுவும் அனுப்பாத ஒரு கொடுக்கல் வாங்கற் பதிவினுள்ளே, அம்மடல் முழுவதையும் பொதிந்து வைத்துவிட்டார். ஏப்ரல் 23ஆந் தேதி எழுதப்பட்ட அதனை எவ்வரசும் இன்றுவரை அழிக்கவில்லை, அழிக்கவும் இயலாது. இதனைப் படித்தபோது எம் உள்ளம் பூரித்தது. மறுமுறை படித்தபோது வேறொன்று தோன்றியது. அம்மடலிலே அம்மாணவி தம் பெயரையும் தம் தாயார் பட்ட துயரையும் எழுதியிருந்தார். பேரேட்டிலே பதித்தவர் வேறொருவர். வலியோர் அழிக்க முயலும் உண்மைக்கு அரணாக நின்ற அதே சுவர், ஒரு தாயின் கண்ணீரையும் உள்ளே வைத்துக் கட்டிவிட்டது. நாம் இவ்விரண்டையும் ஒருங்கே மனத்திற் கொள்ள முயல்கின்றோம், எளிதாயில்லை.

சட்டம் என் செய்யும் என்று கேட்கலாம். ஸ்பானிய நாட்டார் ஒருவருடைய சொத்து, கடனுக்காக ஏலம் கூறப்பட்ட விளம்பரம் 1998இல் ஒரு பத்திரிகையிலே வந்திருந்தது. கடன் தீர்ந்து பல்லாண்டு கழிந்தும், அவர் பெயரை இணையத்திலே தேடினால் அதுவே முன்வந்து நின்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே 13ஆந் தேதி, தேடல் விடைகளிலிருந்து அதனை விலக்குமாறு கூகிளைப் பணித்தது. பத்திரிகையின் பழைய பக்கம் அப்படியே இருந்தது. அதற்குச் செல்லும் ஒழுங்கையை மாத்திரம் அடைத்தனர். பின்னர், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 17ஆம் உறுப்புரை, அழிப்பித்தற்குரிய உரிமையை எழுத்திலே வழங்கியது. நம் பாராளுமன்றம் இயற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அவ்வுரிமை இடம்பெற்றுள்ளது.

உரிமை உண்டு, கட்டளையும் பிறப்பிக்கலாம். யாருக்குப் பிறப்பிப்பது? பல நாடுகளிலே பரந்திருக்கும் சாட்சிகளுள் ஒருவர் கீழ்ப்படிந்து தம் பிரதியைத் தொலைத்தாலும் ஏனையோரிடம் ஏடு இருக்கும். இதனை உணர்ந்தே பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையகம் 2018இல், தனிப்பட்டோர் செய்திகளை வெளிப்படையாகப் பேரேட்டில் எழுதற்க, முத்திரையெண் போன்றவற்றை மாத்திரம் எழுதுக என்று வழிகாட்டியது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சபை 2025 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டி வரைவும், பாதுகாப்பு நெறிகளோடு முரணுமிடத்து அத்தகைய செய்திகளைப் பேரேட்டிலே வைத்தலைத் தவிர்க்கவேண்டும் என்றே கூறுகின்றது.

அமைப்பாளருள்ளும் சிலர் இதனைக் கைக்கொண்டனர். பார்க்காஸ்டர் என்னும் தளத்தை வகுத்தோர், இன்ன பெயர் இன்னாருடையது என்னும் உரிமையை மாத்திரம் பேரேட்டில் வைத்து, பேச்சுக்களை வேறு கணினிகளிலே, நீக்கத்தக்க வகையில் வைத்தனர். அழியாமை உறுதிக்குத் தேவை, ஊர்ப்பேச்சுக்குத் தேவையில்லை என்று பிரித்தறிந்த இவ்வமைப்பே எமக்கு உவப்பானது. எல்லாவற்றையும் சங்கேதமாக்கி ஏட்டிலே எழுதிவிட்டால் என்ன என்பாரும் உளர். திறவுகோல் ஒருநாள் களவுபோகலாம். இன்றைய பூட்டு நாளைய கணினிக்கு எளிதாகலாம். மூடிய பெட்டியைத் தெருவிலே நிரந்தரமாக வைத்துவிட்டு, பூட்டு என்றும் தாங்கும் என்று நம்பும் நம்பிக்கை அது. வெறும் முத்திரையெண்ணும் எப்பொழுதும் காவலாகாது. மூலம் ஒரு தொலைபேசி இலக்கம் போன்ற சிறு செய்தியாயின், இருக்கக்கூடிய இலக்கங்கள் அனைத்துக்கும் முத்திரையெண் கணித்து ஒப்பிட்டு எது என்று கண்டுவிடலாம். அதனால் இரகசியமான எழுந்தமான எண் ஒன்றையும் மூலத்தோடு கலந்து கணிப்பர்.

நாம் கல்லூரியிலே கற்ற நாளில் வகுப்புத்தோறும் கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினோம். அதிலே ஆசிரியர் ஒருவரைக் குறித்து நாம் வரைந்த வசைக்கவி ஒன்று இருந்தது. சஞ்சிகைக்குப் பிரதி ஒன்றே. செல் அதனைத் தின்று பல்லாண்டாயிற்று. பின்னாளில் அவ்வாசிரியரோடு நெருங்கிப் பழகி, அவர் இறுதிக் கிரியையிலே இரங்கலுரையும் ஆற்றினோம். செல்லுக்கு நன்றி கூறும் தமிழ்ப் பற்றாளர் வேறு எவரேனும் உளரோ, அறியோம்.

நிற்க. அன்று வந்த இளைஞருக்கு நாம் கூறியவற்றையும் சொல்லிவிடவேண்டும். ஏட்டிலுள்ளதை எடுக்க இயலாது என்பதை ஒளியாமற் கூறினோம். ஆயினும் ஊரார் கட்டுகளை விரித்துப் படிப்பதில்லை, முகப்புத் தளங்களினூடும் தேடற்பொறிகளினூடுமே வருகின்றனர் என்பதால், ஒழுங்கைகளை அடைக்க முயலலாம். முகப்புத் தளங்களை நடத்துவோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி எழுதி, அப்பதிவைக் காட்டாதிருக்கக் கோரலாம்; தேடற்பொறி நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். அப்பெயரிலே இனி எதுவும் எழுதற்க, பதிவைத் திருத்திப் பிறர் கண்ணை ஈர்க்கற்க, புனைபெயருக்கும் இயற்பெயருக்கும் பாலமாக வேறெங்கேனும் ஒரு சொல் கிடந்தால் அதனை முதலில் நீக்குக என்றோம். ஐந்து மடல்களை எம் முன்னிலையிலேயே எழுதினார். இரண்டுக்கு இணக்கமான மறுமொழி வந்தது, ஒன்றுக்கு மறுப்பு, மற்றவை இன்னும் வரவில்லை.

எழுந்து செல்லும்போது அவர் ஒன்று கேட்டார்: "அம்மாவுக்கு நான் இதை எழுதியது தெரியாது. சொல்லட்டோ, ஐயா?" சொல்லுங்கள் என்றோம். அடுத்த வாரம் அவர் தொலைபேசியிலே பேசினார். தாயார் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, அந்த எழுத்தைத் தமக்கு வாசித்துக் காட்டுமாறு கேட்டாராம்.